கடலூர் ஆறுமுகம்

கதை எழுதுகிறவனுக்கு ஒருவர் மதம் மாறுகிற நாள்தான் பெரிய நாள். உறவினர் கோபம், தாயின் கண்ணீர் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிடலாம். ஆனால், கடலூர் ஆறுமுகத்தின் வரலாற்றில் என் மனசைப் பிடித்து நிறுத்துவது அந்த நாள் அல்ல. அதற்குப் பின்வந்த பதினைந்து ஆண்டுகள்.

ஆறுமுகம் சைவ வேளாளர் குடும்பத்துப் பிள்ளை. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த சீகன்பால்கு ஐயர் 1717-இல் கடலூரில் ஒரு தர்மப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். அதன் வழியாகத்தான் ஆறுமுகத்துக்குப் புதிய வேதத்தின் பரிச்சயம். கடலூரிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் சிதம்பரம் பக்கமாகச் சென்று கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். சைவப் பிள்ளைக்குத் தில்லைக் கோபுரம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பின்னே விட்டுவிட்டுப் போவது லேசான காரியமா? 1718-இல் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் நடந்தது. ஆறுமுகம் ஆரோன் ஆனார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே சீகன்பால்கு காலமானார். வயது முப்பத்தாறுதான். புதிய விசுவாசிக்குக் கையில் இருந்தது 1715-இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு. பழைய ஏற்பாடு முழுவதும் அச்சில் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆரோன் உபதேசியார் ஆனார். உபதேசியார் வேதம் வாசிக்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கலாம். ஞானஸ்நானம் கொடுக்கவோ, நற்கருணை வழங்கவோ கூடாது. பந்தி பரிமாறுகிற உரிமை மட்டும் வெள்ளைக்கார ஐயர்மாருக்கு! நம்மவர் மேல் நம்பிக்கை வர அத்தனை நாள் பிடித்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆனாலும், ஒருவருக்கு ஒரு வசனத்தை விளக்கப் போகிறவர், முதலில் தமக்கே அதை விளக்கிக்கொள்ள வேண்டும் அல்லவா? பட்டம் இல்லாமல், பதவி இல்லாமல், ஆண்டுக்கணக்கில் அப்படிச் செய்து வந்தால் மனிதர் உள்ளுக்குள்ளே வளராமல் இருப்பாரா? பிரசங்க மேடையில் கிடைக்கிற வளர்ச்சியைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

கடைசியில் நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. டேனிஷ்காரரின் தரங்கம்பாடி சின்ன இடம். சுற்றிலும் தஞ்சை மன்னரின் சீமை. அங்கே ஐரோப்பியப் போதகர் நினைத்தபடி நடமாட முடியாது. அங்கேயோ கிராமத்துச் சபைகள் பெருகிக்கொண்டிருந்தன. தமிழர் ஒருவர் குருவானால்தான் காரியம் நடக்கும்.

1733 டிசம்பர் 28-ஆம் தேதி ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் சுதேசக் குரு கடலூர்க்காரர் என்பதைக் கடலூரிலேயே எத்தனை பேர் அறிவார்கள்! மாயவரம் வட்டாரம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அவர் பிறந்த ஊரில் நிலையான மிஷன் ஏற்பட்டது அதற்கும் பிறகு, 1737-இல்.

1741-இல் தியோகு என்ற இன்னொரு தமிழருக்கும் குருப்பட்டம் கிடைத்தது. அவரும் உபதேசியாராக இருந்தவரே. ஆரோன் 1745-இல் மறையும்வரை அந்தக் கிராமங்களின் குருவாகவே இருந்தார்.