தரகர் சாத்திய கதவு

அமெரிக்க நகரங்களில் வெள்ளையர் ஒரு பக்கமும் கறுப்பினத்தவர் ஒரு பக்கமுமாகக் குடியிருப்பதற்கு அவரவர் விருப்பமும் வருமானமுமே காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அந்த விளக்கம் நிற்காது. ஏனென்றால் பிரித்து வைப்பது ஒரு தொழிலின் எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. 1908இல் சிகாகோவில் தொடங்கிய தேசிய வீடுமனைத் தரகர் சங்கம், 1924இல் தன் நன்னெறி விதிகளில் ஒன்றைச் சேர்த்தது. யார் குடிவந்தால் ஒரு பகுதியின் சொத்து மதிப்பு கெடுமோ, அந்த இனத்தவரையோ நாட்டவரையோ உறுப்பினர் அங்கே கொண்டுவந்து சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். 'ரியல்டர்' என்ற பெயரைச் சங்க உறுப்பினர் மட்டுமே போட்டுக்கொள்ள முடியும். விதியை மீறினால் அந்தப் பெயரையும் அதோடு வரும் வியாபாரத்தையும் இழக்க நேரிடலாம். இனத்தைக் குறிப்பிடும் சொற்கள் 1950இல்தான் நீங்கின.

பிரித்து வைக்கும் இந்த வேலை தரகரிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. லூயிவில் நகரம் இனவாரியாகத் தெருக்களைப் பிரித்துச் சட்டம் போட்டபோது உச்ச நீதிமன்றம் 1917இல் அதை ரத்து செய்தது. நகராட்சி செய்ய முடியாததைக் கிரயப் பத்திரம் செய்யத் தொடங்கியது. இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று அக்கம்பக்கத்தார் சேர்ந்து பத்திரத்தில் நிபந்தனை எழுதிக்கொண்டார்கள். மனை பிரித்து விற்பவர்களும் தரகர் சங்கங்களும் அதைப் பரப்பினார்கள். 1926இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுக்கடன் நிறுவனமோ, கடனுக்கு உத்தரவாதம் தரும் கையேட்டில் இத்தகைய நிபந்தனைகளைப் பரிந்துரையே செய்தது. தரகர் சொன்ன 'மதிப்புக் குறையும்' என்ற வாதம் அரசின் கணக்காகவே மாறிவிட்டது.

தரகர் என்ன செய்வார், வாங்குவோர் விற்போர் மனநிலையைத்தானே பிரதிபலித்தார் என்று கேட்கலாம். வாடிக்கையாளர் மனநிலை உண்மைதான். ஆனால் அது தானாகவே நிலைத்து நிற்பதென்றால் மீறுபவரைத் தண்டிக்கும் விதி எதற்கு? மதிப்புக் குறையும் என்பதும் சோதனையில் தேறவில்லை. சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், ஃபிலடெல்ஃபியா நகரங்களின் விற்பனை விலைகளை ஒப்பிட்டு லூயிஜி லாரென்டி 1960இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவர் குடிவந்த பகுதிகளில் பெரும்பாலும் விலை நிலையாகவோ ஏற்றமாகவோதான் இருந்தது. இதைவிட வலுவான சாட்சியைத் தரகர்களில் ஒரு சாராரே தந்தார்கள். "கறுப்பர்கள் வரப்போகிறார்கள்" என்று வெள்ளையரைப் பயமுறுத்தி மலிவாக வீட்டை வாங்குவது, வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பத்துக்கு அதையே கொள்ளை விலைக்குத் தவணையில் விற்பது. கடைசித் தவணை வரை பத்திரம் கைக்கு வராது. இடையில் ஒரு தவணை தவறினாலும் வீடு போய்விடலாம். சிகாகோவின் லாண்டேல் பகுதியில் இப்படி ஏமாந்தவர்கள் 1968இல் சங்கமாகத் திரண்டு போராடினார்கள். பயத்தைத் தெருத் தெருவாகக் கிளப்பிக் காசாக்கியவரை வெறும் கண்ணாடி என்று சொல்ல முடியாது.

அந்தக் கதவை உடைக்க முன்வந்தவர்களிலும் தரகர்கள் இருந்தார்கள். சங்கம் சேர்த்துக்கொள்ளாத கறுப்பினத் தரகர்கள். ஃபிலிப் பேட்டன் 1904இல் தொடங்கிய ஆஃப்ரோ-அமெரிக்கன் ரியல்டி நிறுவனம் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பினக் குடும்பங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தது. நிறுவனம் 1908இல் முடங்கியது. வந்து குடியேறியவர்கள் திரும்பிப் போகவில்லை. சிகாகோவில் வீடுமனைத் தொழில் செய்த கார்ல் ஹான்ஸ்பெரி, தடைப் பத்திரம் இருந்த பகுதியில் 1937இல் வீடு வாங்கி, 1940இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். நடைமுறை சார்ந்த குறுகிய வெற்றிதான் அது. முழு வெற்றி செயின்ட் லூயிஸிலிருந்து வந்தது. அங்கே ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945இல் வாங்கிய வீட்டின் மேல் 1911இல் எழுதிய தடை இருந்தது. அந்த வீட்டை முடித்துக்கொடுத்த கறுப்பினத் தரகர் ஜேம்ஸ் புஷ், வழக்குச் செலவுக்காகவே சக தரகர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகள் விலகிக்கொண்டார்கள், காரணம் சொல்லவில்லை. அவர்கள் வீடுகளுக்கும் அதே நிபந்தனை இருந்திருக்கும் என்றே பலரும் கருதினார்கள். இதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் 12 கறுப்பினத் தரகர்கள் கூடித் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கம் கண்டிருந்தார்கள். 'குடியிருப்பில் ஜனநாயகம்' என்பது அதன் முழக்கம். 'ரியல்டர்' பெயர் மறுக்கப்பட்டதால் 'ரியல்டிஸ்ட்' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள்.

இவர்களும் கமிஷனுக்காகத்தானே உழைத்தார்கள் என்றால், ஆம். ஷெல்லி தோற்றிருந்தால் புஷ்ஷின் பிழைப்பும் சுருங்கியிருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தபோதும் பின்வாங்காத ஆதரவாளர்களைத் தந்தது அந்தச் சுயநலமும்தான். வெள்ளையர் சங்கத்தின் சுயநலமும் அதே அளவு உறுதியாக எதிர்ப்பக்கம் நின்றது. கலிஃபோர்னியா 1963இல் கொண்டுவந்த சமவுரிமை வீட்டுச் சட்டத்தை எதிர்த்து, தரகர் சங்கம் முன்னின்று 1964இல் வாக்கெடுப்பில் வீழ்த்தியது. 1967இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பைச் செல்லாததாக்கியது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, இனம் பார்த்து வீடு மறுப்பதைத் தடைசெய்யும் நியாயமான குடியிருப்புச் சட்டம் கையெழுத்தானது. அதில் ஒரு பிரிவு கவனிக்கத்தக்கது. சொந்த வீட்டைத் தானே விற்பவருக்குச் சில விலக்குகள் உண்டு. தரகரை நாடினால் அந்த விலக்கு போய்விடும். கதவின் சாவி யாரிடம் இருந்தது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இப்போது மிஞ்சியிருப்பது வருமான வேறுபாடு மட்டுமே என்பவர்கள் நியூயார்க்கின் லாங் ஐலண்டைப் பார்க்கலாம். அங்கே 'நியூஸ்டே' பத்திரிகை ஒரே மாதிரிப் பொருளாதாரப் பின்னணி காட்டும் இருவரை, ஒருவர் கறுப்பினம் ஒருவர் வெள்ளையர் என, தரகர்களிடம் அனுப்பிச் சோதித்தது. 2019இல் வெளியான முடிவின்படி 49 விழுக்காடு சோதனைகளில் கறுப்பினத்தவரை நடத்திய விதத்தில் வேறுபாடு தெரிந்தது. 2020இல், அந்த 1924 விதியை எழுதிய தேசியச் சங்கம் தன் கடந்தகாலத்துக்கு மன்னிப்புக் கேட்டது. கறுப்பினக் குடும்பங்களில் சொந்த வீடு உள்ளவை இன்றும் சுமார் 45 விழுக்காடு. வெள்ளையர் குடும்பங்களில் 70க்கும் மேல். தரகருக்கு உரிமம் தருவது மாநில அரசுகள். அந்தச் சோதனையை ஒரு பத்திரிகையிடம் விடாமல் அவையே தொடர்ந்து நடத்தி, தவறியவர் உரிமத்தில் கை வைக்க வேண்டும்.