மீட்டர் பெட்டிக்குள்ள ஒரு வாளி

போன சாரல் முடிஞ்ச கையோட தென்காசி வீட்டுல வயரிங் மாத்தினோம். குத்தாலத்துல அருவி கொட்டினா எங்க வீட்டுச் சுவரும் சேர்ந்து நனையும், அதான். பழைய மீட்டர் பெட்டிக் கதவைத் திறந்தா, உள்பக்கம் ஒரு காலண்டர் அட்டை. தாத்தா காலத்து வயர்மேன் அண்ணாச்சி போட்ட படம். மாடிப்படியை நிஜப் படி மாதிரியே வரைஞ்சிருக்கார். கிணத்தடியில வாளி கூட இருக்கு! ஆனா பல்பு மட்டும் வட்டத்துக்குள்ள ஒரு பெருக்கல் குறி. எல்லாரும் சிரிச்சோம்.

அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, மின்சுற்றைக் காகிதத்துல காட்டின வரலாறே அந்த அட்டையில இருக்குங்க.

1800 மார்ச்சில் வோல்டா தன் மின்கல அடுக்கைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். கூட அனுப்பின படத்தில் இருந்தது குறியீடு இல்லை, சாமானேதான். ஒண்ணுமேல ஒண்ணா தகடுகள், அதைத் தாங்கும் கம்பிகள், வரிசையாக் கிண்ணங்கள். படிக்கிறவர் அதைப் பார்த்துச் செய்யணுமே!

அப்புறம் தந்தி வந்தது. கருவிகள் பெருகின. எல்லாத்தையும் ஓவியமா வரைய யாரால முடியும்? பொருள் தேய்ஞ்சு குறியாச்சு. பேட்டரிக்கு நாம போடுற நெட்டைக்கோடும் குட்டைக்கோடும் தகடுகளோட மிச்சம்தான். மின்தேக்கியின் ரெண்டு கோடும் அப்படித்தான். மின்தடையை நம்ம பள்ளிக்கூடத்துல வளைஞ்சு வளைஞ்சு போடுவோம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரப்படி அது வெறும் செவ்வகம்.

இந்தப் படங்கள் தூரத்தையும் திசையையும் தூக்கிப் போட்டுட்டு, எது எதோட சேருதுங்கிறதை மட்டும் வச்சுக்கும். பக்கத்துல பாபநாசத்தில் 1944-ல் நீர்மின் நிலையம் வந்தது. அந்த மாதிரி நிலையங்களை ஒற்றைக்கோட்டுப் படமாப் போடுவாங்க. மூணு பேஸ் கம்பியும் காகிதத்துல ஒரே கோடு. மொத்த அமைப்பும் ஒரு பார்வையில புரிஞ்சுடும். ஆனா எந்தச் சுவருக்குள்ள எந்த வயர் போகுதுன்னு அது சொல்லாது. அதுக்குன்னு வயரிங் படம் தனி. முதலாவது புத்திக்கு, ரெண்டாவது கைக்கு.

அண்ணாச்சி ரெண்டையும் ஒரே அட்டையில போட்டுட்டார்.

விஷயம் இனிமேதான். வேலைக்கு வந்த தம்பி கிணத்தடி சுவிட்சை அணைச்சிட்டு ஹோல்டரைக் கழட்டப் போனான். அட்டையைக் கையில வச்சிருந்த நான் அப்பத்தான் கவனிச்சேன். வாளிக்கு மேல சிவப்புப் பென்சில்ல, "சுவிட்ச் நியூட்ரலில்".

புரியாதவங்களுக்கு: சுவிட்ச் எப்பவும் பேஸ் கம்பியில இருக்கணும். நியூட்ரலில் இருந்தா, அணைச்சா பல்பு அணையும், ஆனா ஹோல்டர்ல மின்சாரம் இருந்துக்கிட்டே இருக்கும். கீழயோ ஈரத்தரை!

"தம்பி, கையை எடு"ன்னு கத்தினேன். பியூஸைப் பிடுங்கி, டெஸ்டர் வச்சுப் பார்த்த பிறகுதான் தொட்டான்.

சுத்தமான சர்க்யூட் படமும் அந்தத் தப்பைக் காட்டியிருக்கும். ஆனா வீட்டுல இருக்கிற பல்புல அது எந்த பல்புன்னு எனக்குச் சொன்னது, நாங்க சிரிச்ச அந்த வாளிதான்.

இப்போ சுவிட்ச் பேஸுக்கு வந்தாச்சு. புதுப் படமும் வரைஞ்சு கதவுக்குள்ள ஒட்டியாச்சு. குறியீடெல்லாம் ஒழுங்கா போட்டேன். வாளியை மட்டும் விடலை :-)

உங்க வீட்டு மீட்டர் பெட்டிக்குள்ள என்ன இருக்கு? திறந்து பார்த்துட்டு வந்து சொல்லுங்களேன்.