ஜோமோ என்றொரு சுந்தரம்

1952 டிசம்பரில் பினாங்கில் பிறந்த பிள்ளைக்கு ஜோமோ குவாமே சுந்தரம் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் குவாமே நிக்ரூமா, இன்று கானா எனப்படும் நாட்டின் பிரதமரானார். அக்டோபரில் கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவை ஆங்கிலேயர் கைது செய்தனர். மலாயாவிலும் அப்போது அவசரகாலம். சுதந்திரத்துக்கு இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. இப்படி ஒரு பெயரைச் சுமந்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூல், பிறகு யேல், ஹார்வர்ட். எழுபதுகளில் ஊர் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். நாடு அப்போது எல்லாவற்றையும் இனக் கணக்கில்தான் பேசியது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, 2.4 சதவீதமாக இருந்த பூமிபுத்ரா பங்குடைமையை 1990க்குள் 30 ஆக்கச் சொன்னது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பதும் அதே கொள்கையில் இருந்த இலக்குதான். ஆனால் மேடையில் நின்றது பங்குக் கணக்கு மட்டுமே. வர்க்கத்தைத் தலைப்பிலேயே வைத்து 1986இல் ஜோமோ எழுதிய மலாயாப் பொருளாதார வரலாறு அந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டது. பங்கு இன்னாருடையது என்றால், அந்த இன்னாருக்குள்ளே யாருடையது?

நமக்கு இது வெறும் படிப்பாளிக் கேள்வி இல்லை. அவர் தொடங்கிய 'இன்சான்' ஆய்வு நிறுவனம் 1989இல் மலேசிய இந்திய ஏழைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. சாறு உறிஞ்சப்பட்ட ஆரஞ்சுகள் என்பது அதன் தலைப்பின் பொருள். பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகளுக்கு வேறென்ன பெயர் பொருந்தும், சொல்லுங்க? இந்தியர்களின் பங்குடைமை ஏறக்குறைய ஒரு சதவீதம். அந்த ஒன்றிலும் லயத்து வீட்டுக்காரனுக்கு எதுவும் இல்லை.

1997 ஜூலையில் தொடங்கிய நெருக்கடிதான் அவரைப் பத்திரிகைகள் தேடி வரும் ஆளாக்கியது. 1998 செப்டம்பரில் மகாதீர் பணம் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தி, டாலருக்கு 3.80 வெள்ளி என்று நிறுத்தினார். ஒரு கூட்டம் கொண்டாடியது, இன்னொரு கூட்டம் நாடே அழிந்தது என்றது. ஜோமோ ரெண்டு பேருக்கும் பிடிக்காததைச் சொன்னார். நாடுகளுக்கு அப்படிக் கட்டுப்படுத்தும் உரிமை உண்டு, ஆனால் இது 14 மாதம் பிந்தி வந்தது, ஓட வேண்டிய பணம் ஏற்கெனவே ஓடிவிட்டது என்றார். வெள்ளம் வருமுன் அணை போடணும் என்று நம் வீட்டில் சொல்வதுதான். பத்திரிகையில் பேசுவதற்கு விலையும் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பெரும் தொழிலதிபர் அவர்மேல் 25 கோடி வெள்ளி கேட்டு அவதூறு வழக்குப் போட்டார்.

2005இலிருந்து ஐ.நா.வில் உதவிப் பொதுச்செயலாளர், பின்னர் அதன் உணவு வேளாண்மை அமைப்பு. திரும்பி வந்த பிறகு இன்டர் பிரஸ் சர்வீஸில் தொடர்ந்து பத்தி எழுதுகிறார். உண்மையைச் சொன்னால் வறண்ட நடை. எண்களைக் கண்டால் ஓடும் நானே ரெண்டு தடவை படித்துத்தான் பிடிக்கிறேன். ஆனாலும் கடன், வட்டி, மருந்துக் காப்புரிமை என்று எதை எடுத்தாலும் இதில் யார் வாங்குகிறார், யார் கொடுக்கிறார் என்ற பழைய கேள்வி உள்ளே கிடக்கிறது.

2018இல் மகாதீர் மறுபடி பிரதமரானதும் ஐந்து பேர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார். அதில் ஒருவர், இருபது ஆண்டுக்கு முன் அவரை விமர்சித்த அதே ஜோமோ. குழுவுக்குக் கொடுத்தது நூறு நாள். அது முடிந்ததும் ஜோமோ தன் பத்திக்கே திரும்பினார்.