டி.எஸ்.எல்.ஆரா, சூப்பர்ஜூமா? வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் இப்படித்தான்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். 1994 செட். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. எனக்கு இன்னும் ‘அவன்’தான், அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டான். அவன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பறவைகளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாளாம். “சார், பிள்ளைக்கு செகண்ட் ஹேண்டில கேமரா ஒண்ணு வாங்கணும். சின்ன டி.எஸ்.எல்.ஆர். வாங்கவா, அந்த மூக்கு நீண்டுக்கிட்டே போற ஜூம் கேமரா வாங்கவா? ரெண்டும் ஒரே விலைதான் சொல்றாங்க” என்றான்.

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வி 2013-இல் எனக்கும் வந்தது. அதற்கு நான் சொன்ன பதிலின் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் போனது. தவறிய பாதி இன்றும் உறுத்துகிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன். வகுப்பில் மணி அடித்தபிறகும் பாடம் நடத்தியவன்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1925-இல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தது. சினிமா ஃபிலிமையே சின்னப் பெட்டிக்குள் போட்டு, 24-க்கு 36 மி.மீ. அளவில் படம் எடுக்கும் கேமரா. இந்த 24, 36 என்ற எண்களை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. சட்டைப் பைக்குள் அடங்கும் கேமராதான், ஆனால் ஒரு சங்கடம். கண் பார்ப்பது ஒரு துளை வழியாக, படம் விழுவது லென்ஸ் வழியாக. எட்டி நிற்கும் ஆளை எடுக்கும்போது வித்தியாசம் தெரியாது. கிட்டே உள்ள பூவையோ, நீண்ட லென்ஸ் போட்டுத் தூரத்துப் பறவையையோ எடுக்கப் போனால் கண் ஒன்றைச் சொல்லும், ஃபிலிம் வேறொன்றைச் சொல்லும்.

இதைத் தீர்க்கத்தான் உள்ளே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தார்கள். லென்ஸ் வழியாக வரும் ஒளியை அந்தக் கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அமுக்கியதும் அது விலகிக்கொள்ளும், ஒளி ஃபிலிமில் விழும். பார்க்கவும் எடுக்கவும் ஒரே லென்ஸ். எஸ்.எல்.ஆர். என்ற மூன்றெழுத்தின் பொருள் இவ்வளவுதான். 1936-இல் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த கினே எக்ஸாக்டாவில் இது இருந்தது. ஆனால் அதை வயிற்றுப் பக்கம் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். காட்சி இடவலம் மாறித் தெரியும். பறவை வலப்பக்கம் பறந்தால் நீங்கள் இடப்பக்கம் திரும்புவீர்கள்! 1949-இல் கான்டாக்ஸ் எஸ் கேமராவில் பட்டகம் ஒன்றைத் தலையில் வைத்து, கண் மட்டத்திலேயே நேராகப் பார்க்க வழி செய்தார்கள். படம் எடுத்தவுடன் கண்ணாடி தானே கீழிறங்கும் ஏற்பாட்டை ஜப்பானின் ஆசாஹி 1954-இல் கொண்டுவந்தது. 1959-இல் நிக்கான் எஃப். அதற்குப்பின் பத்திரிகைக்காரர் கழுத்திலெல்லாம் எஸ்.எல்.ஆர்.தான்.

அதே 1959-இல்தான் இந்தக் கதையின் இன்னொரு பிள்ளையும் பிறந்தது. ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஃபிராங்க் பேக் வடிவமைத்த ஜூமார் லென்ஸ். 36 முதல் 82 மி.மீ. வரை, கழற்றாமலேயே தூரத்தை மாற்றிக்கொள்ளலாம். இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு ஜூம்தான். அன்று அதுவே அதிசயம்.

லென்ஸைக் கழற்றி மாட்டுவது எல்லாருக்கும் பிடித்த வேலை அல்ல. தூசி போகும், கை நழுவும், பை கனக்கும். 1980-களின் இறுதியில் சில கம்பெனிகள் ஒரு யோசனை செய்தன: எஸ்.எல்.ஆரின் வசதியும் வேண்டும், லென்ஸ் மாற்றும் தொல்லையும் வேண்டாம். 1988-இல் ரிகோ மிராய், 1990-இல் ஒலிம்பஸ் ஐ.எஸ்.1000. இரண்டிலும் லென்ஸ் உடம்போடு ஒட்டியே இருக்கும், 35 முதல் 135 மி.மீ. வரை. சாதாரண கேமராவுக்கும் எஸ்.எல்.ஆருக்கும் நடுவே பாலம் போட்டது என்பதால் பிரிட்ஜ் கேமரா என்று பெயர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அந்தப் பிரிட்ஜ் கேமராவிலும் எஸ்.எல்.ஆரிலும் போட்டது ஒரே ஃபிலிம் சுருள். இரண்டிலும் படம் விழும் இடம் 24-க்கு 36 மி.மீ.தான். ஆகவே படத்தின் தரத்தில் ஏழை பணக்காரன் கிடையாது. ஜூம்தான் நான்கு மடங்கைத் தாண்டவில்லை. ஏன்? அந்த அளவு ஃபிலிமை நிரப்பும்படி பெரிய ஜூம் செய்தால் லென்ஸ் உலக்கை மாதிரி ஆகிவிடும். கேனான் 1993-இல் 1200 மி.மீ. லென்ஸ் ஒன்று விற்பனைக்கு விட்டது. அதன் எடை 16.5 கிலோ.

அப்படியிருக்க, 2012-இல் அதே கேனான் விட்ட எஸ்எக்ஸ்50 என்ற பிரிட்ஜ் கேமரா, அதே 1200 மி.மீ. தூரத்தைக் காட்டியது. எடை 600 கிராமுக்கும் கீழே. பதினாறு கிலோ எங்கே போயிற்று?

ஃபிலிம் சுருங்கிவிட்டது. அதுதான் ரகசியம். ஃபிலிம் இருந்த காலத்தில் கடையில் விற்கும் சுருளுக்கு ஏற்பத்தான் கேமரா செய்ய வேண்டும். டிஜிட்டல் வந்தபிறகு, ஃபிலிமுக்குப் பதிலாக உட்காரும் சென்சாரை அவரவர் விருப்பப்படி வெட்டிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. சென்சார் சின்னதானால் லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதி மட்டும் அதில் விழும். அதைப் பெரிதாக்கினால் தூரத்துப் பொருள் பக்கத்தில் வந்தது போல இருக்கும். எஸ்எக்ஸ்50-இன் லென்ஸ் உண்மையில் 215 மி.மீ. வரைதான் போகும். சென்சார் ஏறக்குறைய 6-க்கு 4.5 மி.மீ., சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதனால்தான் 215 என்பது 1200-க்கு ஈடாகிறது.

இந்தப் பக்கம் டி.எஸ்.எல்.ஆர். வேறு வழியில் வளர்ந்தது. 1991-இல் கோடாக், நிக்கான் எஃப்3 உடம்புக்குள் 1.3 மெகாபிக்சல் சென்சாரை வைத்து விற்றபோது, படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. விலை கேட்டால் தலை சுற்றும். சாமானியன் தொட்டுப் பார்க்கும் விலைக்கு அது இறங்கியது 2003-இல், கேனான் 300டி மூலமாக. அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குள். இன்று எல்லா டப்பாவிலும் கூடவே வரும் 18–55 என்ற சின்ன லென்ஸ் அப்போது அதனுடன் வந்ததுதான். இந்த வகையின் சென்சார் ஏறக்குறைய 22-க்கு 15 மி.மீ. பழைய ஃபிலிமைவிடச் சின்னது, ஆனால் பிரிட்ஜ் கேமராவின் சென்சாரைப்போலப் பன்னிரண்டு மடங்கு பரப்பு. மழையில் முற்றத்தில் தாம்பாளத்தையும் வெற்றிலைச் செல்லத்து மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எதில் அதிகம் தண்ணீர் விழும்? வெளிச்சமும் அப்படியே.

விளம்பரத்தில் இதை யார் சொல்கிறார்கள்? 2011-இல் வந்த 1100டி என்ற டி.எஸ்.எல்.ஆரிலும் 12 மெகாபிக்சல், எஸ்எக்ஸ்50-இலும் 12 மெகாபிக்சல். அட்டைப்பெட்டியில் எண் ஒன்றுபோலவே இருக்கும். கூடவே பிரிட்ஜ் கேமராவில் “50எக்ஸ்” என்று பெரிதாக ஓர் எண், டி.எஸ்.எல்.ஆர். பெட்டியிலோ கணக்குப் போட்டால் 3எக்ஸ்தான் வருகிறது. எந்த வாத்தியார் மதிப்பெண் போட்டாலும் 50-தான் ஜெயிக்கும்.

நானும் அப்படித்தான் போட்டேன். ஓய்வுபெற்ற ஆண்டு அது. ரத வீதிக் கடையில் இருந்த பையன் கேமராவை என் கையில் கொடுத்து, “ஜூம் பண்ணிப் பாருங்க சார்” என்றான். நெல்லையப்பர் கோயில் கோபுரத்தில் உட்கார்ந்திருந்த புறாவின் கண் தெரிந்தது. மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. அந்த வகைக் கேமராக்கள் எல்லாம் ஒரு தாய் மக்கள்தான். அதே மாதம் என் தங்கை மகன் சின்ன டி.எஸ்.எல்.ஆர். ஒன்று வாங்கினான். “மாமா, இதுல படம் நல்லா இருக்கும்” என்றான். “ஒன் கேமராவுல எதிர்வீடுகூடத் தெரியாதுடா” என்று சிரித்தேன்.

அந்த வருஷம் கார்த்திகை. அம்மா அப்போது நடமாட்டத்துடன்தான் இருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு அகலாக ஏற்றிக்கொண்டே வந்து, கடைசி விளக்கை ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்து நிமிர்ந்து சிரித்தார்கள். நானும் எடுத்தேன், மருமகனும் எடுத்தான். கேமராவின் முதுகுத் திரையில் இரண்டும் நன்றாகவே தெரிந்தன. பங்குனியில் அம்மா போய்விட்டார்கள். பதினாறாம் நாளுக்குப் படம் பெரிதாக்க ஸ்டூடியோவுக்குப் போனபோது என் படத்தைக் கணினியில் விரித்தார்கள். முகம் ஈரத் தாளில் வரைந்த வண்ணப் படம் மாதிரி கலைந்திருந்தது. நெற்றிச் சுருக்கம் இல்லை, புருவம் இல்லை. வெளிச்சம் போதாத இடத்தில் அந்தப் பொடிச் சென்சார் வாங்கிய புள்ளிக் குப்பையைக் கேமராவே அழித்துப் பூசியிருக்கிறது. கூடவே அம்மாவின் முகத்தையும் பூசிவிட்டது. நான் எடுத்த இன்னொரு படத்தில் ஃபிளாஷ் வெட்டி, விளக்குகளே அணைந்தது போல வெள்ளையடித்திருந்தது. “போஸ்ட் கார்டு சைஸுக்கு மேல தாங்காது சார்” என்றார்கள். மருமகன் எடுத்ததில் கண்ணுக்குள் அகல் சுடர் தெரிந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் மாலையோடு இருப்பது அந்தப் படம்தான். வந்தவர்கள் எல்லாரும் நான் எடுத்தது என்று நினைத்துப் பாராட்டியிருக்கிறீர்கள். இன்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

சரி, மறுபக்கமும் சொல்ல வேண்டும். அடுத்த தை மாதம் நாங்கள் இருவரும் கூந்தன்குளம் போனோம். நல்ல வெயில். கூழைக்கடா, செங்கால் நாரை, அந்த வருஷம் பூநாரையும் வந்திருந்தது. மருமகனின் 18–55 லென்ஸில் குளம் அழகாக விழுந்தது; பறவைகள் அரிசி சிந்தியது போல இருந்தன. என் கேமராவில் பூநாரையின் வளைந்த அலகும் அதில் வழியும் சேறும் தெரிந்தன. அவன் அன்று பாதி நேரம் என் கேமராவைத்தான் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் அந்தத் தூரம் வேண்டுமென்றால் தனியாக ஒரு நீண்ட லென்ஸ் வாங்க வேண்டும், அது 300 மி.மீ. லென்ஸாக இருந்தாலும் எனக்குக் கிடைத்ததில் பாதியைக்கூட எட்டாது. ஆனால் பறக்கிற பறவை என்றால் என் கேமரா தோற்றது. மீன்கொத்தி முங்கி எழுந்து போனபிறகு என் படத்தில் தண்ணீர் வளையம் மட்டும் இருக்கும். கண்ணாடி வைத்த கேமராவில் காட்சி அந்தக் கணத்திலேயே கண்ணுக்கு வருகிறது. அன்றைய பிரிட்ஜ் கேமராவில் சின்னத் திரை கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும்.

இரண்டையும் ஒரே உடம்பில் தர முயன்றவர்களும் உண்டு. 2005-இல் சோனி ஆர்1 என்று டி.எஸ்.எல்.ஆர். அளவுச் சென்சாரையே ஒட்டிய லென்ஸோடு விட்டது. ஜூம் ஐந்து மடங்கோடு நின்றது. சென்சார் பெருத்தால் தூரம் குறையும், தப்ப முடியாது. மற்றவர்கள் எண்ணைத்தான் ஏற்றினார்கள். 2002-இல் பானசோனிக் எஃப்இசட்1 12 மடங்கு, 2010-இல் 35, 2012-இல் 50, 2015-இல் நிக்கான் பி900 83 மடங்கு, 2018-இல் பி1000 125 மடங்கு. அந்த 2018-இல் ஒரு வேடிக்கை. அதே நிக்கான் அதே ஆண்டு டி3500 என்ற சின்ன டி.எஸ்.எல்.ஆரையும் விட்டது. லென்ஸ் இல்லாமல் அதன் எடை 415 கிராம். 18–55 மாட்டினாலும் 620 தான். பி1000-இன் எடை 1,415 கிராம்! பை கனக்கக் கூடாது என்று பிறந்த வகை, கடைசியில் அண்ணனைவிட இரண்டு மடங்கு கனத்துவிட்டது.

பிறகு நடந்தது உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. 2010-இல் உலகம் முழுக்கக் கடைகளுக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2020-இல் 90 லட்சத்துக்கும் கீழே. போனின் சென்சாரும் பொடிதான். ஆனால் அது இருட்டில் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கிவிடுகிறது. அந்தக் கார்த்திகைக்கு இன்றைய போன் ஒன்று இருந்திருந்தால் போதும். டி3500-ஐ நிறுத்திவிட்டார்கள். போனால் எட்ட முடியாத தூரம் என்பதால் பெரிய ஜூம் மட்டும் தப்பித்தது. 2025-இல் பி1100 என்று அதையே மறுபடி விட்டிருக்கிறார்கள்.

ஆகவே மாணவனுக்குச் சொன்னது இது. பிள்ளை எடுக்கப்போவது பகல் வெயிலில் தூரத்துப் பறவை, கையில் நல்ல போன் இருக்கிறது, லென்ஸ் வாங்கப் பணம் ஒதுக்கவில்லை என்றால் ஜூம் கேமராவையே வாங்கு. ஐம்பதா எண்பதா என்று எண்ணாதே. லென்ஸ் நீளும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார். வீட்டு விசேஷம், கோயில் உள்பிராகாரம், பாட்டியின் முகம் என்று அவள் ஆசை போனால் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் போதும். 18–55-ஐ மட்டும் வைத்துக்கொண்டு பறவைக்குப் போகாதே.

அதற்கு முன்னால், என் பழைய கேமரா அலமாரியில் இருக்கிறது. புது பேட்டரி போட்டுவிட்டேன், மூக்கு இன்னும் நீள்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். மருமகனும் அவன் கேமராவோடு வருகிறானாம். இரண்டையும் தூக்கிக்கொண்டு அவளே கூந்தன்குளம் போய்வரட்டும்.

பி.கு.: ஆண்டுகளில் எங்காவது தவறியிருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் தாள்களில் நான் சிவப்பு மையால் சுழித்த சுழிகளுக்குப் பழி வாங்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.