பிரித்தானியக் காவல்துறையின் துப்பாக்கிப் பயன்பாடு

பிரித்தானியக் காவல்துறையின் துப்பாக்கிப் பயன்பாடு என்பது ஐக்கிய இராச்சியத்தில் காவலர்கள் துப்பாக்கி ஏந்துவதற்கும், பொது இடங்களில் அதனைப் பயன்படுத்துவதற்கும் உரிய சட்டம், பயிற்சி, நடைமுறை ஆகியவற்றைக் குறிக்கும். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளில் பெரும்பான்மையான காவலர்கள் அன்றாடப் பணியில் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. தாமே முன்வந்து, தேர்வு செய்யப்பட்டு, சிறப்புப் பயிற்சி பெற்ற சிலருக்கு மட்டுமே துப்பாக்கி வழங்கப்படுகிறது. வட அயர்லாந்தின் காவலர்களும், அணுவுலைகளைக் காக்கும் குடிசார் அணுக் காவல்படையினரும் இதற்கு விதிவிலக்காவர்.

இப்பயிற்சியில் குறிபார்த்துச் சுடும் திறன் ஒரு பகுதி மட்டுமே. சுட வேண்டுமா, வேண்டாமா என்று சில நொடிகளில் முடிவெடுப்பதும், அம்முடிவுக்குப் பின்னர் விளக்கம் அளிப்பதும் இதில் முதன்மையான இடம் பெறுகின்றன. தவறுதலாக நிகழ்ந்த சில துப்பாக்கிச் சூடுகளே இந்நிலைக்குக் காரணமாக அமைந்தன.

வரலாறு

1829 ஆம் ஆண்டில் சர் ராபர்ட் பீல் இலண்டன் பெருநகரக் காவல்துறையை உருவாக்கினார். நாட்டு மக்களை அடக்கப் படையினரைப் பயன்படுத்துவது குறித்து மக்களிடையே அச்சம் நிலவிய காலம் அது. எனவே காவலர்களுக்குப் படைவீரரின் சிவப்புச் சீருடைக்குப் பதிலாக நீலச் சீருடையும், துப்பாக்கிக்குப் பதிலாக மரத்தாலான குறுந்தடியும் வழங்கப்பட்டன. பிரித்தானியர் தமது குடியேற்ற நாடுகளில் இம்முறையைப் பின்பற்றவில்லை. இந்தியாவில் 1843 இல் சிந்துப் பகுதியில் சார்லஸ் நேப்பியர் அமைத்த காவல்படை, ஆயுதம் ஏந்திய அயர்லாந்துக் காவல்படையை முன்மாதிரியாகக் கொண்டிருந்தது.

துப்பாக்கி ஏந்திய குற்றவாளிகளை எதிர்கொள்ள நேர்ந்தபோது இலண்டன் காவலர்கள் போதிய ஆயத்தமின்றி இருந்தனர். 1909 இல் டோட்டன்ஹாம் பகுதியில் கொள்ளையர் இருவரைத் துரத்திய காவலர்கள், வழியில் இருந்த பொதுமக்களிடம் துப்பாக்கிகளை இரவல் வாங்கினர். 1910 டிசம்பரில் ஹவுண்ட்ஸ்டிச் பகுதியில் மூன்று காவலர்கள் கொல்லப்பட்டனர். இதன் தொடர்ச்சியாக 1911 சனவரியில் சிட்னி தெருவில் நடந்த முற்றுகைக்குப் படைவீரர்கள் அழைக்கப்பட்டனர். அப்போதைய உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் நேரில் அங்குச் சென்றார்.

முறையான பயிற்சி தொடங்கியது 1966 ஆம் ஆண்டுக்குப் பின்னரே ஆகும். அவ்வாண்டு ஆகஸ்ட் 12 அன்று மேற்கு இலண்டனில் சீருடை அணியாத மூன்று காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதனையடுத்துப் பெருநகரக் காவல்துறையில் துப்பாக்கிப் பயிற்சிக்கெனத் தனிப்பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் பயிற்றுநர்களை மட்டும் கொண்டிருந்த இப்பிரிவு பின்னர் களப்பணியிலும் ஈடுபட்டது.

1987 ஆகஸ்ட் 19 அன்று ஹங்கர்போர்டு என்ற சிறுநகரில் ஒருவர் 16 பேரைச் சுட்டுக் கொன்றார். ஆயுதம் ஏந்திய காவலர்கள் அங்கு வந்து சேர்வதற்கு நெடுநேரம் ஆனது. இந்நிகழ்வின் விளைவாக, துப்பாக்கிகள் பூட்டி வைக்கப்பட்ட பெட்டியுடன் எந்நேரமும் சுற்றிவரும் ஆயுத எதிர்வினை ஊர்திகள் அறிமுகம் செய்யப்பட்டன. இலண்டனில் இவை 1991 முதல் இயங்குகின்றன.

சட்டப் பின்னணி

காவலர்களுக்குச் சுடுவதற்கெனத் தனி அதிகாரம் எதுவும் சட்டத்தில் இல்லை. குற்றத்தைத் தடுக்க எவரும் சூழ்நிலைக்கு ஏற்ற நியாயமான வலிமையைப் பயன்படுத்தலாம் என்று 1967 ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத்தின் 3 ஆவது பிரிவு கூறுகிறது. இது குடிமக்களுக்கும் காவலர்களுக்கும் பொதுவானது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 2 ஆவது பிரிவு, உயிரைப் பறிக்கக்கூடிய வலிமை முற்றிலும் இன்றியமையாததாக இருத்தல் வேண்டும் என்று வரையறுக்கிறது.

விசையை அழுத்தும் காவலரே அச்செயலுக்குப் பொறுப்பானவர் என்பது இச்சட்டங்களின் விளைவாகும். மேலதிகாரி ஆணையிட்டார் என்பது மட்டும் போதிய காரணமாக ஏற்கப்படுவதில்லை. சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் அவர் தனித்தனியே விளக்கம் அளிக்க வேண்டும்.

பயிற்சி

காவல் பணியில் சேர்ந்து தொடக்கநிலைக் காலத்தை முடித்த காவலர்கள் மட்டுமே இப்பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியும். உடற்தகுதி, கண்பார்வை, மனநிலை, முந்தைய பணிப்பதிவு ஆகியவை ஆராயப்படும். பாடத்திட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது. 2012 இல் அமைக்கப்பட்ட காவற்பணிக் கல்லூரி இதற்கான நெறிமுறைகளை வகுக்கிறது. தேர்ச்சி பெற்றவர்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றனர்.

- அங்கீகரிக்கப்பட்ட துப்பாக்கிக் காவலர்: முக்கிய பிரமுகர்கள், தூதரகங்கள், வானூர்தி நிலையங்கள் போன்றவற்றைக் காப்பவர்.
- ஆயுத எதிர்வினை ஊர்திக் காவலர்: துப்பாக்கி தொடர்பான அழைப்புகளுக்கு முதலில் செல்பவர்.
- பயங்கரவாத எதிர்ப்புச் சிறப்புக் காவலர்: பணயக் கைதிகளை மீட்டல், கட்டடத்தினுள் நுழைதல் போன்ற கடினமான பணிகளுக்கு உரியவர்.

கிளாக் 17 கைத்துப்பாக்கி, ஹெக்லர் கோக் எம்பி5 ஆகியவை நீண்ட காலம் பரவலாகப் பயன்பட்டு வரும் ஆயுதங்கள் ஆகும். இராணுவங்கள் பயன்படுத்தும் எம்பி5 தொடர்ச்சியாகச் சுடவல்லது. ஆனால் காவலர்களுக்குப் பொதுவாக வழங்கப்படும் வகை, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டுமே சுடும். மக்கள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஒவ்வொரு குண்டும் எங்குச் செல்கிறது என்பதைக் காவலர் அறிந்திருக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

இதே காரணத்துக்காக, குறியின் பின்னால் யார் அல்லது என்ன இருக்கிறது என்று பார்ப்பதும், சுட முடிவு செய்யும்வரை விரலை விசையில் வைக்காதிருப்பதும் மீண்டும் மீண்டும் பழக்கப்படுத்தப்படுகின்றன. காலில் சுடும்படி கற்பிக்கப்படுவதில்லை. கால் சிறிய, நகரும் குறி. தவறிய குண்டு பிறர்மீது படலாம். காலில் பட்டாலும் எதிரி தொடர்ந்து தாக்கக்கூடும்; பெரிய இரத்தக்குழாய் கிழிந்தால் இறக்கவும் கூடும். எனவே உடலின் நடுப்பகுதியைக் குறிபார்ப்பதே வழக்கம். வானை நோக்கி எச்சரிக்கைக்காகச் சுடுவதும் மிக அரிதான சூழல்கள் தவிர ஏற்கப்படுவதில்லை. மாறாக, தாம் ஆயுதக் காவலர் என்பதை உரக்கக் கூறி எச்சரிக்கை விடுக்க வேண்டும். எச்சரிப்பதால் உயிர் ஆபத்து கூடும் என்றால் மட்டுமே இதனைத் தவிர்க்கலாம்.

பயிற்சியின் பெரும்பகுதி முடிவெடுத்தலைச் சார்ந்தது. திரையில் ஓடும் காட்சிகளும், நடிகர்களைக் கொண்ட ஒத்திகைகளும் இதற்குப் பயன்படுகின்றன. ஒரு காட்சியில் சட்டைப் பையிலிருந்து எடுக்கப்படும் பொருள் துப்பாக்கியாக இருக்கும். அடுத்ததில் அது கைபேசியாக இருக்கும். காவலர் தமது முடிவுக்கான காரணத்தைப் பயிற்றுநரிடம் விளக்க வேண்டும். சுட்டபின் காயமுற்றவருக்கு முதலுதவி அளிப்பதும் கற்பிக்கப்படுகிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுதேர்வு உண்டு. அதில் தேறாதவர் துப்பாக்கி ஏந்த முடியாது.

களத்தில் கட்டளை மூன்று அடுக்குகளைக் கொண்டது. உத்திநிலை ஆணையர் நோக்கத்தை வரையறுப்பார்; தந்திரநிலை ஆணையர் திட்டத்தை வகுப்பார்; களநிலை ஆணையர் அதனை நிறைவேற்றுவார். இவை முன்னர் தங்கம், வெள்ளி, வெண்கலம் எனப்பட்டன. சூழ்ந்துகொண்டு, நேரம் கொடுத்து, பேசிச் சரணடையச் செய்வதே பெரும்பாலும் முதலில் கருதப்படும் வழியாகும்.

மாற்றங்களை ஏற்படுத்திய நிகழ்வுகள்

1983 சனவரியில், தப்பியோடிய குற்றவாளி என்று தவறாகக் கருதப்பட்ட திரைப்படத் தொகுப்பாளர் ஒருவர், இலண்டனில் போக்குவரத்து நெரிசலில் நின்ற மகிழுந்தில் சுடப்பட்டார். அவர் உயிர் பிழைத்தார். காவலர் இருவர் மீது வழக்குத் தொடரப்பட்டு, விடுவிக்கப்பட்டனர். 1985 இல் பர்மிங்காமில் ஒரு வீட்டைச் சோதனையிட்டபோது, படுக்கையில் இருந்த 5 வயதுச் சிறுவன் காவலரின் குண்டால் இறந்தான். இந்நிகழ்வுகளுக்குப் பின்னர், குறைந்த எண்ணிக்கையினருக்குக் கூடுதல் பயிற்சி என்னும் கொள்கை வலுப்பெற்றது.

1999 இல் பையில் மேசைக்கால் ஒன்றைக் கொண்டு சென்ற ஒருவர், துப்பாக்கி வைத்திருப்பதாகக் கிடைத்த தவறான தகவலின் பேரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டாவது மரண விசாரணையில் 2004 இல் இது சட்டத்துக்குப் புறம்பான கொலை என முடிவு கூறப்பட்டது. சுட்ட இருவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டபோது நூற்றுக்கும் மேற்பட்ட காவலர்கள் துப்பாக்கி ஏந்த மறுத்தனர். அம்முடிவை உயர் நீதிமன்றம் 2005 இல் நீக்கியது.

2005 சூலை 22 அன்று, பிரேசில் நாட்டைச் சேர்ந்த 27 வயது மின்பணியாளர் ஷான் சார்லஸ் டி மெனசெஸ், ஸ்டாக்வெல் சுரங்கத் தொடர்வண்டி நிலையத்தில் கொல்லப்பட்டார். முந்தைய நாள் நடந்த குண்டுவெடிப்பு முயற்சியில் தேடப்பட்ட ஒருவரின் முகவரியும் அவரது வீடும் ஒரே பொது வாயிலைக் கொண்ட குடியிருப்பில் இருந்தன. கண்காணித்தவர்களால் அவரை உறுதியாக அடையாளம் காண இயலவில்லை. ஆயுதப் பிரிவு வந்து சேரத் தாமதமானதால், அவர் பேருந்தில் பயணித்துத் தொடர்வண்டியிலும் ஏறிவிட்டார். தற்கொலைக் குண்டுதாரி என்று நம்பிய காவலர் இருவர் அவரது தலையில் ஏழு முறை சுட்டனர். குறி தவறவில்லை; ஆளே தவறாக இருந்தார். தனிப்பட்ட காவலர் எவர்மீதும் குற்றவழக்குத் தொடரப்படவில்லை. பொதுமக்களின் பாதுகாப்பைக் கவனிக்கத் தவறியதாகப் பணியிட நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2007 இல் பெருநகரக் காவல்துறைக்கு 1,75,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது.

2011 ஆகஸ்ட் 4 அன்று டோட்டன்ஹாமில் மார்க் டக்கன் சுடப்பட்டதைத் தொடர்ந்து இலண்டனில் தொடங்கிய கலவரம் பல நகரங்களுக்குப் பரவியது. 2014 இல் மரண விசாரணைக் குழு அதனைச் சட்டத்துக்கு உட்பட்ட செயல் எனப் பெரும்பான்மையாக முடிவு செய்தது.

பயிற்சி எதிர்பார்த்தபடி பயன்பட்ட நிகழ்வுகளும் உண்டு. 2017 சூன் 3 அன்று இலண்டன் பாலத் தாக்குதலில் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். முதல் அவசர அழைப்பு வந்த 8 நிமிடங்களுக்குள் தாக்கிய மூவரையும் காவலர்கள் சுட்டு வீழ்த்தினர். எனினும், அங்குச் சுடப்பட்ட 46 குண்டுகளில் ஒன்று பொதுமக்களில் ஒருவரைக் காயப்படுத்தியது.

விசாரணையும் விவாதமும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் காவலர் சுட்டதால் மரணம் நேர்ந்தால், அதனைக் காவல் நடத்தைக்கான தற்சார்பு அலுவலகம் விசாரிக்கிறது. இது 2018 முதல் இப்பெயரில் இயங்குகிறது.

2022 செப்டம்பரில் தெற்கு இலண்டனில் மகிழுந்து ஓட்டிச்சென்ற கிறிஸ் காபா என்ற 24 வயது இளைஞர் சுடப்பட்டு இறந்தார். அவரிடம் துப்பாக்கி இல்லை. சுட்ட காவலர் மீது 2023 இல் கொலைக்குற்றம் சாட்டப்பட்டபோது, பல காவலர்கள் தமது துப்பாக்கி அனுமதியைத் திருப்பி ஒப்படைத்தனர். படையினரின் உதவியும் கோரப்பட்டது. 2024 அக்டோபரில் நடுவர் குழு அவரை விடுவித்தது. தாமே முன்வருபவர்களை நம்பியிருக்கும் இம்முறையில், கடுமையான பொறுப்புடைமை ஆட்பற்றாக்குறைக்கு வழிவகுக்கும் என்று காவலர் தரப்பு கூறுகிறது. தண்டனை மிக அரிது என்று இறந்தோரின் குடும்பத்தினர் சுட்டிக்காட்டுகின்றனர்.

அனைத்துக் காவலர்களுக்கும் துப்பாக்கி வழங்க வேண்டும் என்ற கோரிக்கை, காவலர்கள் கொல்லப்படும்போதெல்லாம் எழுகிறது. 2006 இல் காவலர் கூட்டமைப்பு நடத்திய ஆய்வில் 82 விழுக்காட்டினர் இதனை எதிர்த்தனர். 2012 இல் மான்செஸ்டர் அருகே ஆயுதமற்ற பெண் காவலர் இருவர் கொல்லப்பட்ட பின்னரும், அப்பகுதியின் காவல் தலைவர் பீட்டர் ஃபாஹி பழைய முறையே தொடர வேண்டும் என்றார். மறுபுறம், ஸ்காட்லாந்தில் ஆயுதக் காவலர்கள் வழக்கமான பணிகளிலும் கைத்துப்பாக்கியுடன் காணப்பட்டது எதிர்ப்பைக் கிளப்பியதால், 2014 இல் அந்நடைமுறை கட்டுப்படுத்தப்பட்டது.

2010களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆயுதக் காவலர்களின் எண்ணிக்கை ஆறாயிரத்தைச் சற்றுக் கடந்திருந்தது. அவர்கள் ஆண்டுக்கு 15,000 க்கும் மேற்பட்ட நடவடிக்கைகளில் ஈடுபட்டனர். அவற்றுள் குண்டு சுடப்பட்டவை ஓராண்டில் இருபதுக்கும் குறைவே ஆகும்.