முதுமை வரை தொடர்ந்த அமல்

 

ரமழானின் முதல் வாரத்தில் எமது பள்ளிவாயல்களில் காணும் ஸஃப்புகளையும், ஷவ்வாலின் முதல் வாரத்தில் எஞ்சியிருக்கும் ஸஃப்புகளையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். உயர்தரப் பரீட்சைக்கென வரைந்து சுவரில் ஒட்டிய நேரசூசி இரண்டு வாரங்களில் வெறும் காகிதமாகிவிடுவதையும் அறிவீர்கள். இவற்றைச் சோம்பல் என்று மட்டும் கூறி நகர்ந்துவிட முடியாது. நன்மையின் மீதான ஆர்வம் அளவு கடந்தமையே பல வேளைகளில் காரணமாக அமைந்துவிடுகின்றது. மதீனாவில் வாழ்ந்த ஓர் இளைஞரின் வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

அவர்கள்தாம் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள். எகிப்தை வெற்றிகொண்ட தளபதி அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்களின் புதல்வர். தந்தை ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். மகனோ அதற்கு முன்னரே தழுவிவிட்டார்கள். நாள்தோறும் நோன்பு, இரவு முழுவதும் வணக்கம், ஒவ்வோர் இரவிலும் குர்ஆனை முழுமையாக ஓதி முடித்தல்: இதுவே அவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட திட்டம். குறை காண எதுவுமற்ற இலக்கு என்றே எவருக்கும் தோன்றும்.

எனினும் அந்த வீட்டில் ஒரு மனைவியும் இருந்தார். நற்குடும்பத்துப் பெண்ணொருவரைத் தந்தையே தெரிவு செய்து மணமுடித்து வைத்திருந்தார்கள். மருமகளிடம் கணவரைப் பற்றி விசாரிப்பது அவர்களது வழக்கம். கணவர் மிக நல்ல மனிதர் என்றே அப்பெண்மணி தொடங்குவார். ஆனால் தாம் இவ்வீட்டுக்கு வந்தது முதல் அவர் தம்மை நெருங்கவேயில்லை என்பதையும் நாகரிகமாக உணர்த்திவிடுவார்.

பெற்றோர்களே, அம்ர் (ரழி) அவர்கள் நடந்துகொண்ட முறையைக் கவனியுங்கள். மகனின் வணக்கத்தைக் கேட்டுப் பெருமிதம் கொண்டு அவர்கள் இருந்துவிடவில்லை. உடன் வாழ்பவரிடம் விசாரித்தார்கள். நிலைமை நீடித்தபோது நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துக் கூறினார்கள். பிள்ளை இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து படிக்கின்றான் என உறவினரிடம் பெருமை பேசும் நாம், அவன் எப்போது உறங்குகின்றான் என்று கேட்பது அரிது.

ஓர் அறிவிப்பின்படி நபி (ஸல்) அவர்களே அப்துல்லாஹ்வின் இல்லத்துக்கு வந்தார்கள். பேரீச்ச நார் அடைத்த தோல் தலையணை ஒன்றை அவர்கள் அமர்வதற்காக அவர் வைத்தார். நபியவர்களோ தரையிலேயே அமர்ந்துகொண்டார்கள். தலையணை இருவருக்கும் நடுவே கிடந்தது. கண்டிக்க வந்தவர் அமரும் முறையன்று அது. உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் உரிமைகள் உண்டு என நபியவர்கள் அவருக்கு உணர்த்தியதாக ஏனைய அறிவிப்புகள் கூறுகின்றன. மாதத்தில் மூன்று நாட்கள் நோன்பு போதும். ஒரு நன்மை பத்து மடங்காதலால் அது மாதம் முழுவதும் நோற்றதற்கு ஈடாகும் என்றும் விளக்கினார்கள்.

இளைஞருக்கு அது போதவில்லை. இதைவிட அதிகம் என்னால் முடியும் என்று மீண்டும் மீண்டும் கேட்டார். நோன்பின் அளவு படிப்படியாக உயர்ந்து, ஒரு நாள் நோற்று ஒரு நாள் விடும் தாவூத் (அலை) அவர்களின் நோன்பில் வந்து நின்றது. குர்ஆன் ஓதுவதும் அவ்வாறே. மாதத்துக்கு ஒரு முறை என்று தொடங்கி, இருபது நாட்கள், பத்து நாட்கள் எனச் சுருங்கி, ஏழு நாட்களுக்கு ஒரு முறை என்றாயிற்று. சந்தையில் பேரம் பேசுபவன் விலையைக் குறைக்கவே பார்ப்பான். இங்கோ வாங்குபவரே விலையை உயர்த்திக்கொண்டிருந்தார்! அவரது ஆயுள் நீளக்கூடும், அதை அவர் அறியமாட்டார் என்பதையும் நபி (ஸல்) அவர்கள் அப்போதே நினைவூட்டினார்கள்.

இளம் சகோதரர்களே, இந்த நினைவூட்டலில்தான் விடயமே அடங்கியுள்ளது. உற்சாகம் பொங்கும் ஓர் இரவில் உங்களால் இயன்றது, காய்ச்சலில் படுத்த நாளிலும், கல்யாண வீட்டு அலைச்சலிலும் இயலுமா? அந்த நாட்களிலும் செய்யத்தக்கது எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். குர்ஆனை ஒரு மாதத்தில் முடிக்க நாளொன்றுக்கு ஒரு ஜுஸ்உ ஓத வேண்டும். ஓதும் பழக்கமே விட்டுப்போனவருக்கு அது பெரும் சுமை. மதீனாவில் அச்சாகும் முஸ்ஹப் 604 பக்கங்கள் கொண்டது. ஸுப்ஹுக்குப் பின் இரண்டு பக்கங்கள் ஓதினாலும் 302 நாட்களில் முடிந்துவிடும். வருடம் முடியவும் இல்லை, குர்ஆன் முடிந்துவிட்டது!

பள்ளிவாயலின் இரு தூண்களுக்கிடையே கயிறொன்று கட்டப்பட்டிருந்ததையும், தொழுது களைத்தால் ஸைனப் (ரழி) அவர்கள் அதனைப் பற்றிக்கொள்வார்கள் என அறிந்ததும் நபியவர்கள் அதை அவிழ்த்துவிடச் சொன்னதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஆண்டுகள் உருண்டன. நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 11இல் வபாத்தானார்கள். அப்துல்லாஹ் (ரழி) அவர்களோ அதன் பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் வாழ்ந்தார்கள். முதுமையும் பலவீனமும் வந்தபோது, அன்று அளிக்கப்பட்ட சலுகையை ஏற்றிருக்கலாமே என ஏங்கினார்கள். ஏங்கினார்களே தவிர, விட்டுவிடவில்லை! இரவில் ஓத வேண்டிய ஏழில் ஒரு பகுதியைப் பகலிலேயே குடும்பத்தாரில் ஒருவரிடம் ஓதிக் காட்டுவார்கள். இரவில் அது இலகுவாகிவிடும். உடலுக்குத் தெம்பு தேவைப்பட்டால் சில நாட்கள் தொடர்ந்து நோன்பை விட்டு, விட்ட நாட்களைக் கணக்கிட்டு, பின்னர் அத்தனை நாட்களை நோற்றுவிடுவார்கள். நபியவர்களைப் பிரிந்தபோது தாம் இருந்த அமலில் ஒன்றைக் கைவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. நேரத்தை மாற்றினார்கள், நாட்களை மாற்றினார்கள், அளவை மாற்றவில்லை. ஒரு நாள் தவறியதும் முழுத் திட்டத்தையும் சுருட்டி வைப்போருக்கு இதில் நல்ல வழி இருக்கின்றது.

எண்ணிக்கை எதுவும் விதிக்கப்படாத இன்னொரு பழக்கமும் அவர்களிடம் இருந்தது. நபி (ஸல்) அவர்களிடம் கேட்டவற்றை அவ்வப்போது எழுதி வைப்பார்கள். நபியவர்கள் கோபத்திலும் மகிழ்ச்சியிலும் பேசும் மனிதர்தாமே என்று குறைஷியர் தடுத்தபோது சில காலம் நிறுத்தினார்கள். பின்னர் நபியவர்களிடமே கேட்டு, அனுமதி பெற்றுத் தொடர்ந்தார்கள். தம்மைவிட அதிக ஹதீஸ்களைப் பெற்றிருந்தவர் அப்துல்லாஹ் ஒருவரே, அவர் எழுதினார், தாம் எழுதவில்லை என அபூஹுரைரா (ரழி) அவர்களே கூறியிருக்கின்றார்கள். ‘அஸ்ஸஹீஃபா அஸ்ஸாதிகா’ எனப் பெயர் பெற்ற அந்த ஏடுகள் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டன. பூட்டனார் எழுதியவற்றைக் கொள்ளுப்பேரர் அம்ர் இப்னு ஷுஐப் அறிவித்தார்; அவற்றுள் பல ஹதீஸ்களை இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் இன்றும் ஓதலாம்.