தென்கொரியா பயணமா? இந்தச் சொற்கள் கைகொடுக்கும்

தென்கொரியா செல்லும் நம்மவர்களுக்குச் சாப்பாட்டுக் கடையில்தான் மொழிச் சிக்கல் அதிகம். காய்கறிச் சோறு போலத் தெரியும் பிபிம்பாப்பில் மாட்டிறைச்சி கலந்திருக்கலாம். கடற்பாசி சூப்பையும் பலர் மாட்டிறைச்சி போட்டே காய்ச்சுவார்கள். எனவே, ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

• வணக்கம் – அன்னியோங் ஹாசேயோ
• நன்றி – கம்சாஹம்னிதா
• மாட்டிறைச்சி சாப்பிட முடியாது – சோகோகி மோன் மோகோயோ
• இறைச்சி போடாமல் தாருங்கள் – கோகி பெ ஜுசேயோ
• விலை என்ன? – ஓல்மாயேயோ?
• உதவி செய்யுங்கள் – தோவா ஜுசேயோ

இறுதியில் வரும் 'யோ', நம் 'வாங்க', 'போங்க' என்பதில் உள்ள 'ங்க' போன்ற மரியாதைக் குறி, அதை விட்டுவிடாதீர்கள்.

சைவர்கள் கவனத்திற்கு: கிம்ச்சியில் பெரும்பாலும் புளிக்கவைத்த மீனோ இறாலோ சேர்ந்திருக்கும்.

அவசரத்திற்கு அங்கு 999 அல்ல. போலீசுக்கு 112, ஆம்புலன்சுக்கு 119.